பறவை தெரிந்தால் பழமொழி புரியும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில மரபுத்தொடர்களையும் பழமொழிகளையும் வகுப்பில் எளிமையாகக் கற்பிப்பது எப்படி என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இது பெரிய தலைப்பு. கிடைத்த நேரத்துக்குள் பயனுள்ளதாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகப் பறவைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பறவைகளை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் சுசீந்திரம் குளத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுப்பும் வேம்பனூர் ஈரநிலத் தொகுப்பும் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பெயர் பெற்ற இரண்டு இடங்கள் நம் பள்ளிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தக் குளக்கரைப் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஆங்கிலப் பாடவேளையில் என்ன நடக்கிறது? கரும்பலகையின் இடப்பக்கம் பத்து மரபுத்தொடர்கள், வலப்பக்கம் பத்துப் பொருள்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் பொருத்துகிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். பேசும்போது ஒன்றுகூட வாயில் வராது. நூறு பறவைகளின் குரலைக் கேட்டே பெயர் சொல்லக்கூடிய பையன், அந்தப் பாடவேளை முழுவதும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருக்கிறான். அவனிடம் இருக்கும் அறிவை நாம் கேட்கவே இல்லை.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். பொருளைச் சொல்வதற்கு முன் பறவையைக் காட்டுங்கள். இது என்ன பறவை, அது என்ன செய்யும், நம் வீட்டில் அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். ஆங்கிலத் தொடர் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் ஒரு சிறு வேறுபாடு. பழமொழி என்பது முழு வாக்கியம். அதை அப்படியே சொல்லலாம். மரபுத்தொடர் வாக்கியத்துக்குள் போய் உட்கார வேண்டிய தொடர். அதில் வினைச்சொல் இருந்தால் காலத்துக்கு ஏற்ப மாறும். 'எ பேர்ட் இன் தி ஹேண்ட் இஸ் வொர்த் டூ இன் தி புஷ்' என்பது பழமொழி. அதன் சொற்களை மாற்ற மாட்டோம். 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' என்பது மரபுத்தொடர். நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'கில்' என்பது 'கில்டு' ஆகும். பொருத்துக பகுதியில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. வாக்கியம் அமைக்கச் சொன்னால்தான் தெரியும்.

ஒரே பறவை, ஒரே கருத்து

தொடக்க வகுப்புகளுக்கு எளிதானவற்றிலிருந்து தொடங்கலாம். 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் இதே காக்கை இதையே சொல்கிறது. 'தி க்ரோ திங்க்ஸ் ஹெர் ஓன் பேர்ட்ஸ் ஃபேரஸ்ட்' என்பது அங்கே வழங்கிவரும் பழைய பழமொழி. காக்கைக்குத் தன் குஞ்சுகள்தாம் எல்லாவற்றிலும் அழகு என்று பொருள். ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கியதா, தனித்தனியே தோன்றியதா என்று நாம் ஆராய வேண்டாம். தன் ஆச்சி சொன்ன பழமொழியை ஆங்கிலத்திலும் கேட்கும் குழந்தைக்கு அந்த மொழியின் மேலிருக்கும் பயம் பாதி குறைந்துவிடும்.

'தி எர்லி பேர்ட் கேட்சஸ் தி வோர்ம்' என்பதைக் கற்பிக்க நாஞ்சில் நாட்டைவிட நல்ல இடம் எது? நாஞ்சில் என்றாலே கலப்பைதான். கன்னிப்பூவுக்கோ கும்பப்பூவுக்கோ வயலை உழும்போது டிராக்டரின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்து வருவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். மண் புரளும்போது வெளிவரும் புழு பூச்சிகளை முந்தி வந்த கொக்கு எடுத்துக்கொள்ளும். பிந்தி வந்தது வெறும் சேற்றைக் கிளறும். இதைச் சொன்ன பிறகு பழமொழிக்கு விளக்கவுரை தேவையில்லை. 'பந்திக்கு முந்து' என்று ஒரு பிள்ளை தானாகவே சொல்லும். 'அப்படியானால் சீக்கிரம் வெளியே வந்த புழுவின் கதி?' என்று இன்னொரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை அதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். அவன் பழமொழியைச் சிந்திக்கத் தொடங்கிவிட்டான்.

பறவை மாறும், காய் ஆகும்

அடுத்தது கருத்து ஒன்றாகவும் படம் வேறாகவும் இருப்பவை. ஒரு கல்லால் இரண்டு பறவைகளை அடிப்பதாக ஆங்கிலம் சொல்கிறது. நாம் 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்கிறோம். அங்கே பறவை, இங்கே மாங்காய். உடனே, நம்மவர்கள் இரக்கம் மிக்கவர்கள், அதனால்தான் பறவையை அடிக்கவில்லை என்று பெருமை பேசிவிட வேண்டாம். 'காக்கைக் கூட்டத்தில் கல்லெறிந்தாற்போல' என்பதும் நம்முடையதுதான். எந்தப் படம் எந்த ஊரில் நிலைத்ததோ அந்தப் படம் மொழியில் தங்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

'எ லிட்டில் பேர்ட் டோல்ட் மி' என்றால் சின்னக் குருவி ஒன்று என்னிடம் சொன்னது என்று சொற்களுக்குப் பொருள். யார் சொன்னார்கள் என்று காட்டிக்கொடுக்க விரும்பாதபோது பேசுவது இது. நாம் 'காற்றுவாக்கில் காதில் விழுந்தது' என்போம். நெருப்புக்கோழி மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்று ஒரு ஆங்கில மரபுத்தொடர் உண்டு. வரும் ஆபத்தைப் பார்க்க மறுப்பவரைக் குறிப்பது. உண்மையில் நெருப்புக்கோழி அப்படிச் செய்வதில்லை. தரையில் குழி தோண்டி முட்டையிட்டு, அவ்வப்போது தலையைக் குனிந்து அலகால் முட்டைகளைப் புரட்டும். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது புதைப்பதாகத் தோன்றியிருக்கலாம். நம் ஊரில் நெருப்புக்கோழி இல்லை, பூனை இருக்கிறது. 'பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?' என்று கேட்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையான பழமொழி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. 'ஒன் ஸ்வாலோ டஸ் நாட் மேக் எ சம்மர்' என்பதற்குத் 'தனிமரம் தோப்பாகாது' என்று எழுதிப் போடுகிறோம். இரண்டின் அமைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் தனிமரம் என்பது துணையின் தேவையைச் சொல்வது. ஆங்கிலப் பழமொழி, ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவுக்கு வந்துவிடாதே என்கிறது. ஒரு தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவுடன் படிப்பை விட்டுவிடும் மாணவனுக்குத் தனிமரத்தைச் சொல்ல முடியாது, தகைவிலானைச் சொல்லலாம்.

அதிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. ஸ்வாலோ என்பது தகைவிலான் குருவி. ஐரோப்பாவில் அது வந்தால் கோடை வரப்போகிறது என்று பொருள். அங்கே குளிர் தொடங்கும்போது தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். நம் நாட்டுக்கும் தகைவிலான்கள் வலசை வருகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்கம்பியில் வரிசையாக அவை உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அவர்களுக்குக் கோடையின் தூதன், நமக்கு மழைக்கால விருந்தாளி. இதைச் சொல்லாமல் அந்தப் பழமொழியைக் கற்பித்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் சொற்கூட்டம்தான். சொன்னால் ஒரே பாடவேளையில் ஆங்கிலமும் அறிவியலும் புவியியலும் நடந்துவிடும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

வாத்தின் முதுகில் பட்ட தண்ணீர் என்ற தொடரும் இப்படித்தான். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்வதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். வால் பக்கத்துச் சுரப்பியிலிருந்து எடுக்கும் எண்ணெயை அலகால் இறகெங்கும் பூசிக்கொள்வதால் அதன் மேல் தண்ணீர் ஒட்டாது. திட்டும் விமர்சனமும் ஒருவரைத் தொடவில்லை என்று சொல்ல ஆங்கிலேயர் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் இரண்டு தொடர்கள் உள்ளன. தாமரை இலைத் தண்ணீர் என்றால் பற்றில்லாமல் இருப்பது, பாராட்டு. எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல என்றால் உறைக்காத தன்மை, ஏச்சு. வாத்து இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த இடத்தில் எதைச் சொல்வாய் என்று உயர்நிலை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வகுப்பு சூடுபிடிக்கும்.

பறவை ஒன்று, மதிப்பு வேறு

மூன்றாவது வகைதான் பிள்ளைகளை அதிகம் குழப்புவது. ஆங்கிலக் கதைகளில் ஆந்தை அறிவாளி. கண்ணாடி போட்டு, புத்தகம் பிடித்து, மரத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய கிரேக்கத்தில் அறிவுத் தெய்வமான ஏதீனாவுக்கு உரிய பறவை அது. நம் வீடுகளிலோ ஆந்தை அலறினால் முகம் சுளிப்பார்கள். 'ஆந்தை மாதிரி முழிக்காதே' என்று திட்டுவார்கள். இந்தியில் 'உல்லு' என்றால் ஆந்தை. ஒருவரை அப்படிச் சொன்னால் முட்டாள் என்று பொருள். ஒரே பறவையைப் பற்றி மூன்று மொழிகளில் மூன்று கருத்துகள். பாவம், ஆந்தை எதுவும் செய்யவில்லை, எலி பிடித்துக்கொண்டிருக்கிறது. திருக்குறளில் 'காலம் அறிதல்' அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும் என்ற உவமை அங்கே இருக்கிறது. கூகை வலிமையுள்ள பறவை, அதன் வேளை இரவு என்ற பார்வையும் நம்மிடம் இருந்திருக்கிறது.

குயிலும் அப்படியே. நமக்குக் குயில் என்றால் இனிய குரல். ஆங்கிலத்தில் ஒருவரைக் 'குக்கூ' என்றால் மூளை கலங்கியவர் என்று பொருள். 'குக்கூ இன் தி நெஸ்ட்' என்றால் உரிமையில்லாத இடத்தில் புகுந்து மற்றவர் பங்கை எடுத்துக்கொள்பவர். அவர்களுடைய குக்கூவும் நம்முடைய குயிலும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே பறவை அல்ல. இரண்டும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவை. நாம் குரலைக் கேட்டு மயங்கினோம். அவர்கள் கூட்டைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். 'யூ ஆர் எ குக்கூ' என்று ஒருவர் சொன்னால் நம் மாணவி பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிடக் கூடாது அல்லவா?

சொல்லுக்குச் சொல் போகாமல் கருத்தைத் தன் மொழியில் நிற்க வைப்பதற்கு நமக்கு வெளியே போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. 1876இல் இந்தத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நம்மைப் போல ஓர் ஆசிரியர். எட்வின் ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவி அவர் எழுதிய 'ஆசிய ஜோதி'யைப் படிப்பவர்களுக்கு அது வேறு மொழியிலிருந்து வந்தது என்ற எண்ணமே வராது. இரண்டு மொழிகளும் தெரிந்த ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தக் குளக்கரையிலேயே சான்று இருக்கிறது.

நம் ஊரில் இல்லாத பறவைகள்

உயர்நிலை வகுப்புகளில் வரும் சில தொடர்களின் பறவைகள் இங்கே இல்லை. அப்போது கதையைச் சொல்லுங்கள். 'கேனரி இன் எ கோல் மைன்' என்பது முன்னெச்சரிக்கை தரும் அடையாளத்தைக் குறிக்கும். கேனரி சின்னஞ்சிறு மஞ்சள் குருவி. நிலக்கரிச் சுரங்கத்தில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் மனிதருக்கு முன் அது மயங்கி விழும். அதைப் பார்த்துத் தொழிலாளர்கள் வெளியேறுவார்கள். பிரிட்டனில் 1986இல்தான் அதற்கு ஓய்வு கொடுத்துக் கருவியை வைக்கத் தொடங்கினார்கள். அன்னம் எல்லாம் வெண்மை என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1697இல் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் மேற்கு ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னங்களைக் கண்டார். இன்று யாரும் எதிர்பாராத பெரும் நிகழ்வை 'பிளாக் ஸ்வான்' என்கிறார்கள். இவற்றைக் கேட்ட மாணவர் பொருளை மறக்க மாட்டார்.

பழமொழி யார் தலையில் விழுகிறது?

இதுவரை கற்பிக்கும் முறையைச் சொன்னேன். இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. பழமொழி என்பது தீர்ப்பு மாதிரி. யாரோ, எப்போதோ எழுதி வைத்த தீர்ப்பு. நாம் அதை எடுத்து எதிரில் நிற்கும் பிள்ளையின் மேல் வைக்கிறோம்.

'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர் ஃப்ளாக் டுகெதர்' என்பதை 'இனம் இனத்தோடு சேரும்' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரி குணமோ விருப்பமோ உள்ளவர்களை, அதுவும் சற்றுக் குறையாகவே, சொல்வது. தமிழில் 'இனம்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று யோசிக்க வேண்டும். யார் யாரோடு உட்கார்வது, யாரோடு சாப்பிடுவது என்ற பேச்சு ஏற்கெனவே வீட்டிலும் தெருவிலும் அவர்கள் காதில் விழுகிறது. அதற்கு நம் பாடம் சாட்சி சொல்லிவிடக் கூடாது. இதைக் கற்பிக்கும் அன்று பிள்ளைகளைச் சுசீந்திரம் குளத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரையோரம் கொக்கு நிற்கிறது, நடுவில் நீர்க்காகம் முங்குகிறது, கூழைக்கடா அலகால் அள்ளுகிறது. ஒரே நீர், ஒரே மீன், ஒவ்வொன்றுக்கும் தனி முறை. இறகு வேறானாலும் பறவைகள் ஒரே இடத்தில் வாழ முடியும் என்று குளம் சொல்கிறது. பழமொழிக்கு எதிர்ச்சான்று தேடுவதும் மொழிப்பாடம்தான்.

'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது' என்று நம்மிடம் ஒன்று உண்டு. இலக்கிய மன்றத்தில் சொல்லலாம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் மாணவியிடம் ஓர் ஆசிரியர் சொல்லவே கூடாத வாக்கியம் அது. அவள் அதை அறுபது வயதிலும் மறக்க மாட்டாள். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்பதும் அடியை நியாயப்படுத்தவே பெரும்பாலும் வருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கையால் மிதிப்பதும் சொல்லால் மிதிப்பதும் அதில் அடங்கும். அதற்குப் பதிலாக நமக்குத் தேவையான பழமொழி 'குருவி தலையில் பனங்காய்'. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பையைத் தூக்கிப் பார்க்கும்போது அதை நாம் நமக்கே சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கையிலுள்ள ஒரு பறவை புதரிலுள்ள இரண்டுக்குச் சமம் என்கிறது ஆங்கிலம். 'பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விடாதே' என்கிறோம் நாம். நல்ல அறிவுரைதான். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் சொல்வதும் இதுதான்: கையில் இருப்பதை விடாதே. கொக்கு வேறு பாடம் சொல்கிறது. சின்ன மீன் காலருகே ஓடினாலும் அசையாமல் நின்று, தக்க நேரத்தில் கொத்துகிறது. 'கையிலுள்ள பறவையா, காத்திருக்கும் கொக்கா?' என்று ஒன்பதாம் வகுப்பில் பட்டிமன்றம் வைத்துப் பாருங்கள். எந்தப் பழமொழியும் எல்லா வேளைக்கும் பொருந்தாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் போய்ப் 'பிளஸ் டூ படிக்கிறேன்' என்று வாதாடினால், அந்தப் பாடவேளைக்கு அதைவிட வேறு பயன் வேண்டாம்.

நாளைக்கே செய்யக்கூடியவை

முடிக்கும் முன் மூன்று யோசனைகள். வாரத்துக்கு ஒரு பறவை போதும். திங்கள்கிழமை படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகள் வீட்டில் ஆச்சியிடமும் பாட்டாவிடமும் கேட்டு அந்தப் பறவையைப் பற்றிய பழமொழிகளைக் கொண்டு வரட்டும். வட்டாரப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஆங்கிலத் தொடரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் பேசுங்கள்.

இரண்டாவது, பொருள் எழுதச் சொல்வதைக் குறைத்து, 'இதை யார் யாரிடம் எப்போது சொல்வார்கள்?' என்று இருவர் உரையாடல் எழுதச் சொல்லுங்கள். நான்கு வரி போதும். தொடக்க வகுப்பில் நடித்துக் காட்டினாலே போதும்.

மூன்றாவது, பிள்ளைகள் கொண்டு வருபவற்றை ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வையுங்கள். பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு 1874இல் 6000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளோடு, ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து வெளிவந்தது. 1897இல் ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாக வகைப்படுத்தி இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நம் ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நம் வகுப்பிலேயே நாற்பது வீடுகளின் பேச்சு உட்கார்ந்திருக்கிறது. நாம் கேட்டால் போதும்.

அப்படிக் கேட்கும் நாளில், கடைசி வரிசையில் இருக்கும் அந்தப் பறவை தெரிந்த பையன் முதலில் எழுந்து நிற்பான். தமிழில்தான் தொடங்குவான். தொடங்கட்டும். ஆங்கிலம் அவன் பின்னால் வரும், டிராக்டருக்குப் பின்னால் கொக்கு வருவது போல.